கழிவு உரம் போட்டு மாட்டுத் தீவனம் வளர்க்கலாமா? நெல்லைப் புஞ்சைக்கான பதில்

மூலைக்கரைப்பட்டி பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, 6 கறவை மாடும் 20 ஆடும் வைத்திருக்கிறேன். 2 ஏக்கர் செவல் (செம்மண்). ஒரு போர் உண்டு, கோடையில் ஒரு மணி நேரம் ஓடினாலே பெரிது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காய்ந்த கசடு சும்மா கிடைக்கும், வண்டி வாடகை மட்டும் கொடு என்கிறார்கள். வீட்டில் கோபர் கேஸ் ஸ்லரியும் (சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் கரைசல்) தினம் 100 லிட்டர் வருகிறது. இதையெல்லாம் தீவனப் புல்லுக்கு விடலாமா? பால் கெட்டுப்போகும், மாடு சினை பிடிக்காது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் பயமுறுத்துகிறார்.”

விடலாம் தம்பி. காய்கறிக்கும் கீரைக்கும் போடுவதைவிடத் தீவனப் பயிருக்குப் போடுவதுதான் பொருத்தம். புல்லை மனிதன் பச்சையாகத் தின்பதில்லை. அதோடு, வெட்ட வெட்டத் தழையும் பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) நிறையவே வேண்டும். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் வேறு, உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. நாற்றமும் கிருமியும்தான் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அவற்றைச் சூட்டாலும் காலத்தாலும் அடக்கிவிடலாம். நம்மூர் போன்ற மழை பொய்க்கும் சீமையில் மாட்டைச் சாய்ப்பது, அளவுக்கு மீறிப் போட்ட எரு வறட்சியில் தண்டுக்குள் தேங்கி நிற்பதுதான். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கசடு. சுத்திகரிப்பு நிலையத்தில் சுத்தமாவது தண்ணீர். அந்தத் தண்ணீரிலிருந்து பிரிந்த அழுக்கெல்லாம் கசடில்தான் சேர்கிறது. அது வெயிலில் காய்ந்து, மண் மாதிரி உதிர்ந்து, நாற்றம் போய்விட்டால் ‘பக்குவமாகிவிட்டது’ என்று நினைத்துவிடுகிறோம். குடல் உருளைப்புழுவின் முட்டை அவ்வளவு லேசில் சாகாது. ஈரமும் நிழலும் இருந்தால் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். இன்னொன்று நாடாப்புழு. மனிதக் கழிவிலிருந்து அதன் முட்டை புல்லோடு மாட்டுக்குள் போனால் மாட்டின் தசையில் கொப்புளமாக உட்காரும். அந்தக் கறியை அரைவேக்காட்டில் தின்றவர் குடலில் மறுபடி புழுவாகும். ஆகவே கசடை நேராகப் புல்லின் மேல் தூவவே கூடாது.

சூடு ஏற்றித்தான் எடுக்க வேண்டும். களக்காடு, ஏர்வாடி பக்கம் வாழைச் சருகு கிடைக்கும், உங்களிடமே சோளத்தட்டை இருக்கும். ஒரு கூடை கசடுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகு, தட்டை என்று கலந்து, 5 அடி உயரம், 6 அடி அகலத்தில் அம்பாரம் போடுங்கள். உயரம் குறைந்தால் சூடு நிற்காது. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், கையில் ஈரமே ஒட்டாவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூன்றாம் நாள் ஒரு நீளக் கம்பியை நடு அம்பாரத்தில் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவிப் பிடித்துப் பாருங்கள். நுனியைக் கையில் வைத்திருக்க முடியாமல் விட்டுவிட்டால் சரியான சூடு. அது 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், அப்படி 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் 5 தடவை புரட்ட வேண்டும். நம்மூர் வெயிலில் அம்பாரத்தின் வெளிப்பக்கம் ஓர் அடி சுக்காகக் காய்ந்துவிடும். அந்த ஓர் அடியில் சூடும் ஏறாது, புழு முட்டையும் சாகாது. அதனால் புரட்டும்போது வெளியில் இருப்பது உள்ளே போக வேண்டும். மேலே பனையோலை போட்டு மூடினால் ஈரம் நிற்கும்.

சூடு அடங்கிய பிறகும் உடனே அள்ளிவிடாதீர்கள். சூடு ஏற்றாமல் வெறுமனே போட்டு வைக்கும் மனிதக் கழிவுக்கு, நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி. சூடு ஏற்றிய அம்பாரத்துக்கு அவ்வளவு வேண்டாம். இருந்தாலும் நான் ஆறு மாதம் கிடக்க விடுவேன். மக்கியதா என்று தெரிய, ஒரு சட்டியில் அதையும் மண்ணையும் பாதிப்பாதி கலந்து பத்துப் பாசிப்பயறு ஊன்றிப் பாருங்கள். முளை கருகினால் இன்னும் வேக்காடு அடங்கவில்லை.

அப்புறம் உலோகம். காட்மியம், ஈயம் எல்லாம் சூட்டில் போகாது, மக்கினாலும் போகாது. வண்டி பேசும் முன்பே பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் குப்பை உரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்: கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, தாமிரம் 300, துத்தநாகம் 1000, பாதரசம் 0.15, ஆர்சனிக் 10. கசடையும் அந்த அளவுகோலிலேயே நிறுத்துப் பாருங்கள். சீட்டு இல்லை என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள், சும்மா வந்தாலும் வேண்டாம். நீங்கள் 20 ஆடு என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், செம்மறியா வெள்ளாடா என்று சொல்லவில்லை. செம்மறி என்றால் தாமிரத்தைக் கூடுதல் கவனமாகப் பாருங்கள். மாடு தாங்குகிற தாமிரத்தைச் செம்மறி தாங்காது, ஈரலில் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு நாள் திடீரென்று விழும். அதுவும் செம்மறி புல்லை வேரோடு ஒட்டக் கடிக்கிற பிராணி, புல்லோடு மண்ணும் உள்ளே போகும். கசடு உரம் போட்ட நிலத்தில் செம்மறியை மேய விடாமல், வெட்டிப் போடுவதே நல்லது.

கோழி எரு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். யாராவது லோடு இறக்க வருவார்கள். கோழி எருவில் செத்த கோழி கலந்திருந்தால் அதை நிலத்தில் போடாதீர்கள். அந்தப் பிணத்தில் வளரும் நச்சு மாட்டின் கால்களை முடக்கிவிடும். குப்பை உரம் என்றால் கண்ணாடி, ஊசி, கம்பி இருக்கிறதா என்று சல்லடையில் சலித்துப் பாருங்கள். மாடு புல்லோடு கம்பியையும் விழுங்கும், அது வயிற்றைக் குத்தி நெஞ்சுவரை போகும்.

சரி, இனி பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

இளஞ்சோள நாத்தைத் தின்று மாடு செத்த கதை நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். அது சயனைடு நஞ்சு. பூ எடுக்காத சோளத்திலும், மழையின்றி வாடி நிற்கும் சோளத்திலும் இருக்கும். அதற்குப் பயந்து பூத்த பிறகு வெட்டுகிறோம், வெயிலில் வாட்டிப் போடுகிறோம். எருவால் வரும் நஞ்சு வேறு, அது நைட்ரேட். செடி மண்ணிலிருந்து தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகத்தான் உறிஞ்சுகிறது. உறிஞ்சியதை இலையில் வைத்து வெயிலையும் தண்ணீரையும் கொண்டு புரதமாக்குகிறது. மழை நின்று இலை சுருண்டால் இந்தச் சமையல் நின்றுபோகும். வேர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். சமைக்காத சரக்கு அடித்தண்டில் தேங்கும். நிலத்தில் எரு எவ்வளவு அதிகமோ அவ்வளவு தேங்கும். இதில் இன்னொரு மோசம், காய்ந்து கிடந்த நிலத்தில் திடீரென்று ஒரு மழை விழுந்தால் மக்கிக் கிடந்த எருவெல்லாம் கரைந்து ஒரே மூச்சில் உள்ளே ஏறும். மழை பெய்த மறுநாள் புல் பச்சைப் பசேல் என்று நிற்கும், நமக்கும் வெட்டத் தோன்றும். அந்த நாள்தான் ஆபத்து.

நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு சம்பவம். ஒரு தோட்டத்தில் சோள நாத்துக்கு ஏக்கருக்கு 2 டன் கோழி எரு அடித்து, மேலே யூரியாவும் போட்டிருந்தார்கள். நாற்பது நாள் மழை இல்லை. ஒரு சாயங்காலம் நல்ல மழை பிடித்தது. இரண்டாம் நாள் காலையில் வெட்டி, ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த மாடுகளுக்கு வயிறாரப் போட்டார்கள். மதியத்துக்குள் இரண்டு மாடு தள்ளாடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, படுத்துவிட்டன. கால்நடை மருத்துவர் வந்து காதுப்பக்கம் ஊசியால் குத்தினார். வந்த ரத்தம் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. மாட்டின் இரைப்பையில் நைட்ரேட் நைட்ரைட்டாகி ரத்தத்தில் கலந்தால் ரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் அந்த நிறத்துக்குப் போய்விடும். சயனைடு என்றால் ரத்தம் பளீரென்ற சிவப்பாக இருக்கும். அவர் மெத்திலீன் நீலம் ஏற்றினார். ஒன்று எழுந்தது, ஒன்று எழவில்லை. இந்த நிற வேறுபாட்டை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் சயனைடுக்குக் கொடுக்கும் சோடியம் நைட்ரைட்டை நைட்ரேட் நஞ்சுக்குக் கொடுத்தால் மாடு சீக்கிரம் செத்துவிடும். டாக்டர் வந்ததும் “என்ன எரு போட்டேன், எவ்வளவு போட்டேன், எப்போது மழை பெய்தது” என்ற மூன்றையும் கேட்கும் முன்னே சொல்லிவிடுங்கள்.

நிலம் காய்ந்து கிடந்த பிறகு மழை பெய்தால் ஒரு பத்து நாள் பச்சையை வெட்டாமல் விடுங்கள். வெட்டும்போது அடித்தண்டில் ஒரு சாண் உயரத்தை நிலத்திலேயே விட்டு மேலே வெட்டுங்கள், சரக்கு அங்கேதான் இருக்கும். மேகமூட்டமான நாட்களில் வெட்டுவதைவிட இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு சாயங்காலம் வெட்டுவது மேல். பட்டினி மாட்டுக்கு முதலில் வைக்கோல் போட்டு வயிற்றில் கொஞ்சம் பாரம் ஏற்றிவிட்டுப் பச்சையைக் காட்டுங்கள். இதில் பலர் தவறுகிற இடம் ஒன்று: வாட்டினால் சயனைடு குறையும், நைட்ரேட் குறையாது. உலர்தட்டையிலும் அப்படியே நிற்கும். குழியிலோ மூட்டையிலோ காற்றுப் புகாமல் அடைத்து ஊறுகாய்ப்புல்லாக்கினால் பாதிவரை குறையும். சந்தேகம் இருந்தால் தண்டைப் பிளந்து எடுத்துப் போய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். டைஃபினைலமின் கரைசலில் ஒரு சொட்டு வைத்தால் நைட்ரேட் உள்ள இடம் கருநீலமாகும். கந்தக அமிலம் கலந்த கரைசல் அது, வீட்டில் செய்கிற வேலை இல்லை. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தீவனப் பரிசோதனை பற்றி அங்கே கேளுங்கள்.

இனி அளவு. ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்பார்கள். கணக்கே அதில்தான் இருக்கிறது. ஆட்டுப் புழுக்கையிலும் கோழி எருவிலும் தழைச்சத்து 3 சதவீதம் வரை உண்டு, பெரும்பகுதி அந்த வருஷமே கரைந்து வரும். நன்றாக மக்கிய கம்போஸ்டில் சுமார் 1 சதவீதம்தான், அதிலும் முதல் வருஷம் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். மானாவாரிச் சோளத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 16 கிலோ. 5 டன் கம்போஸ்ட் போட்டால் மொத்தம் 50 கிலோ, முதல் வருஷம் கிடைப்பது 16 கிலோ சுமார். பொருந்திவிட்டது, மேலே யூரியாவே வேண்டாம். அதே ஏக்கரில் 2 டன் கோழி எரு போட்டவருக்கு 60 கிலோ விழுந்துவிட்டது. மேலே சொன்ன தோட்டத்தில் நடந்தது இதுதான். கசடில் பிறந்த கம்போஸ்டில் தழைச்சத்து கூடுதலாக இருக்கும், அதனால் அதை 3 டன்னோடு நிறுத்துங்கள். ஒரே துண்டில் வருஷா வருஷம் போடாமல் மாற்றிப் போடுங்கள்.

ஸ்லரிக் கணக்கு உங்கள் நிலத்துக்கு அழகாக உட்காருகிறது. தினம் 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர் விட்டால் 100 லிட்டர் ஸ்லரி. சாணத்தில் உள்ள தழைச்சத்தைக் கொண்டு பார்த்தால் வருஷத்துக்கு 60 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 45 கிலோ யூரியா மூட்டையில் மூன்று மூட்டைக்குச் சமம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கேட்பது, நடும்போது ஏக்கருக்கு 60 கிலோ, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு 30 கிலோ. அப்படியானால் உங்கள் ஸ்லரி 25 சென்டுக்குத்தான் போதும். கோடையில் உங்கள் போர் ஒரு மணி நேரத்தில் நனைக்கக் கூடியதும் ஏறத்தாழ அவ்வளவுதான். 2 ஏக்கரிலும் நேப்பியர் நட்டுவிட்டுத் தண்ணீருக்கு அலைய வேண்டாம். ஏக்கருக்கு வருஷம் 150 டன் என்று கோ 4 நேப்பியர் ரகம் பற்றிப் படித்திருப்பீர்கள். அது தண்ணீர் குறையாத பூமியின் கணக்கு.

அந்த 25 சென்டை 45 பாத்தியாகப் பிரியுங்கள், ஒரு பாத்தி சுமார் 240 சதுர அடி வரும். நட்டு 75, 80 நாளில் முதல் வெட்டு. அதன் பிறகு தினம் ஒரு பாத்தி வெட்டுங்கள், வெட்டிய பாத்திக்கு அன்று சாயங்காலம் அன்றைய ஸ்லரியைத் தண்ணீரோடு சேர்த்து விடுங்கள். அந்தப் பாத்தி மறுபடி வெட்டுக்கு வர 45 நாள் ஆகும். ஸ்லரி விட்டபின் குறைந்தது மூன்று வாரம் மாடு வாய் வைக்கக் கூடாது என்ற விதி தானாகவே நிறைவேறிவிடும். வெட்டிய கட்டையின் மேல்தான் ஸ்லரி விழும், வளர்ந்த இலையில் படாது. தன் சாணம் பட்ட புல்லை மாடு மோந்துவிட்டு ஒதுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கக்கூஸ் குழாயைக் கோபர் கேஸில் சேர்த்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. சேர்த்திருந்தால் இந்த முறை ஆகாது. கலனுக்குள் இருக்கும் சூடு புழு முட்டையைக் கொல்லப் போதாது. அந்த ஸ்லரியைக் கம்போஸ்ட் அம்பாரத்தில் ஊற்றிச் சூடேற்றித்தான் எடுக்க வேண்டும்.

ஸ்லரியை வெயிலில் காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள் சிலர். அதில் தழைச்சத்தில் ஒரு பெரும் பங்கு அமோனியாவாக வானத்துக்குப் போகிறது. ஆடிக் காற்றில் இன்னும் மோசம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்று வள்ளியூர், ராதாபுரம், நாங்குநேரி எல்லாவற்றையும் உலர்த்தி எடுக்கிறது. அந்த மாதங்களில் எந்த எருவையும் நிலத்தின் மேல் பரப்பி வைக்காதீர்கள். நம் பெரியவர்கள் புரட்டாசியில் குப்பை அடித்து, அன்றே உழுது மூடி, ஐப்பசி மழைக்கு விதைத்தார்கள். அந்த முறை இன்றைக்கும் அப்படியே சரி. மழையோடு எரு இறங்கினால்தான் பயிர் அதைச் சமைக்கும்.

மீதி ஒன்றேமுக்கால் ஏக்கரில் கொழுக்கட்டைப்புல் போடுங்கள், இடையில் முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனம். செவலுக்கும் வறட்சிக்கும் இந்த ஜோடிதான் நிற்கும். கொழுக்கட்டைப்புல் விதை புதிதாக இருந்தால் முளைக்காது, ஆறு எட்டு மாதம் பழசு வாங்குங்கள். வரப்பு ஓரம் வேலிமசால். அதன் விதையை 80 டிகிரி வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, ராத்திரி குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். மசால் வகைகள் தழைச்சத்தைத் தாங்களே தேடிக்கொள்ளும், எரு அதிகம் கேட்காது, சோளம்போல் சயனைடு பயமும் இல்லை. அதிலேயே ஒரு அரை ஏக்கர் சோளத்துக்கு வைத்துக்கொண்டால் தட்டைக்கு ஆகும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் நம் மானாவாரிக்கென்றே வேலை பார்க்கிற இடம், சோள விதைக்கு அங்கே விசாரியுங்கள்.

உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. எருவில் உப்பு உண்டு, கசடிலும் ஸ்லரியிலும் உண்டு. உங்கள் போர்த் தண்ணீரும் கரித்தால் இரண்டும் சேர்ந்து, கழுவிப் போக மழையில்லாமல், மேல் மண்ணிலேயே தங்கும். பாத்தியின் கரை மேட்டில் வெள்ளையாகப் பூத்தால் அந்த வருஷம் எருவை நிறுத்துங்கள். கம்போஸ்டில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் (EC) 4 dS/mக்கு மேல் இருந்தால் வாங்க வேண்டாம். மண்ணையும் தண்ணீரையும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பார்த்துக்கொள்ளலாம்.

பாலுக்கு வருவோம். ஈயமும் காட்மியமும் அதிகமாக உள்ள புல்லைத் தின்றாலும் பாலில் வருவது கொஞ்சம்தான், ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் போய்த் தங்கும். அதனால் பால் நன்றாக இருக்கிறதே என்று கசடுச் சீட்டைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். பாலில் நாற்றம் வருகிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. கறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்லரித் தொட்டியைத் திறந்து வைத்தால் பால் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும். தொட்டியைக் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகத் தள்ளி வையுங்கள், மூடி போடுங்கள், கறந்த பாலை உடனே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். சினை பிடிக்காததற்கு ஸ்லரியைக் குறை சொல்ல முடியாது. தாது உப்புக் கலவை கொடுக்கிறீர்களா, பருவம் பார்த்து ஊசி போடுகிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தப் புரட்டாசிக்குக் கசடு வேண்டாம். இப்போது இறக்கினால் பக்குவமாக நேரம் இல்லை. சீட்டு சரியாக இருந்தால் தை மாதம் இறக்கி அம்பாரம் போடுங்கள், அடுத்த புரட்டாசிக்கு உழவில் போகும். இந்த வருஷம் ஸ்லரியும் உங்கள் ஆட்டுப் புழுக்கையும் போதும். புழுக்கையை ஏக்கருக்கு அரை டன் சுமார் போட்டு உழுதுவிடுங்கள். நேப்பியர் கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) இப்போதே சொல்லி வைத்தால்தான் ஐப்பசியில் கைக்கு வரும்.